கிள்ளான் காலண்டர்

ரூபேந்திரனுக்கு நேரம் என்றால் உயிர். அவன் நேரத்தில் தப்பு செய்வான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதனால்தான் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமாக இல்லை.

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். நான் லோஷினி. கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவேன், பாட்டும் நானே எழுதுவேன். ரூபேந்திரன் பேஸ் கித்தார். வேனை ஓட்டுவதும், எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று தாளில் எழுதி எங்கள் உயிரை எடுப்பதும் அவன்தான். செல்வா டிரம்ஸ். குழுவுக்கு 'மூணாம் கியர்' என்று பெயர். எங்கள் வேனில் மூன்றாவது கியருக்கு மேல் போனால் அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். அதற்குப் பயந்து பயந்தே மெதுவாக ஓட்டிப் பழகியதில் வந்த பெயர் அது. எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து ஜொகூர் மாநிலத்துக் கூலாய்க்கு மற்றவர்கள் நாலு மணி நேரத்தில் வந்து சேர்வார்கள். நாங்கள் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை கூலாய், சனிக்கிழமை பெக்கோக், ஞாயிற்றுக்கிழமை சாஆ. மூன்று ஊருக்குப் போவதற்கு 'ஜொகூர் சுற்றுப்பயணம்' என்று கொட்டை எழுத்தில் போஸ்டர் போட்டிருந்தேன். அதைப் பார்த்து செல்வாவின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த மூன்று ஊரில்தான் எங்கள் தலையெழுத்து இருந்தது. கோலாலம்பூரில் கல்யாண விருந்துகளை எடுத்து நடத்தும் நிறுவனம் ஒன்று எங்களை நிரந்தரக் குழுவாக வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தது. கறுப்புக் கோட்டுப் போட வேண்டும். சினிமாப் பாட்டு மட்டும்தான். 'மூணாம் கியர்' என்ற பெயரை எங்கேயும் போடக்கூடாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். செல்வாவுக்கு அதில் ஆசை. அவன் மகளுக்கு ஐந்து மாதம். அவன்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனாலும் சொன்னேன்.

போகிற வழியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது செல்வா ஒரு நிபந்தனை வைத்தான்.

"மூணு ஊருல ஒரே ஒருத்தராவது நம்ம பாட்டை வேணும்னு வாயத் தொறந்து கேக்கணும். நாமளா பாடுனது கணக்குல இல்ல. கேட்டுட்டாங்கன்னா நான் அதுக்கு மேல பேச மாட்டேன். கேக்கலன்னா, லோஷி, திங்கக்கெழம சரின்னு சொல்லிருவோம்."

அப்போது இருந்த திமிரில் சரி என்றேன். ஒருவர்கூடவா கேட்காமல் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

கூலாயில் ஒரு காப்பிக்கடையின் மாடியில் வாசித்தோம். சினிமாப் பாட்டுக்குக் கை தட்டினார்கள். எங்கள் பாட்டுக்கு மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். முடிந்ததும் ஒரு பையன் நேராக என்னை நோக்கி வந்தான். கித்தாரை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டேன். கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டான்.

பெக்கோக்கில் பிறந்தநாள் விருந்து. பகல் சாப்பாட்டைப் போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறினார்கள். அடுத்தடுத்துப் பழைய பாட்டாகக் கேட்டார்கள், வாசித்தோம். எங்கள் பாட்டைத் தொடங்கியதும் அத்தனை பேரும் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச ஆரம்பித்தார்கள். நம் மக்கள் கெட்டவர்கள் இல்லை. தெரியாத பாட்டு வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இதை வேனில் சொன்னபோது, சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்குத்தான் நன்றாக வரும் என்றான் செல்வா. சாஆ போய்ச் சேரும் வரை அவனோடு நான் பேசவில்லை.

சாஆவில் கால்பந்துப் போட்டி நாள். சுற்று வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்திருந்தன. காளிதாஸ் அண்ணன்தான் ஏற்பாட்டாளர். விசிலும் கழுத்துமாக ஓடிக்கொண்டிருந்தவர் எங்களைத் திடல் ஓரத்து மேடைக்கு அழைத்துப் போய் நிலவரத்தைச் சொன்னார். கடைசி ஆட்டம் முடிந்ததும், ஆறே முக்காலுக்கு எங்கள் நேரம். ரோட்டுக்கு அந்தப் பக்கமே சூராவ் என்கிற சின்னத் தொழுகைக் கூடம். அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு தொடங்கும் முன்னால் பாட்டை முடித்துவிட வேண்டும். பாங்கு முடிந்ததும் பரிசளிப்பு.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பாங்கு ஒலிக்கும்போது மேடையில் சத்தம் இருக்கக்கூடாது என்பது இந்த நாட்டில் வாசிக்கிற எவருக்கும் பாலபாடம். நாங்கள் பாடல் வரிசை போடுவதே அந்த நேரத்தை வைத்துத்தான். அது ரூபேந்திரனின் இலாகா. கிள்ளானில் டயர்க் கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று வேனின் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் கீழே தொழுகை நேரங்கள் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். கைப்பேசியில் பார்க்கலாமே என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை லைன் கிடைக்காத தோட்டத்தில் கைப்பேசியை நம்பி ஏமாந்ததிலிருந்து அவன் காகிதத்தைத்தான் நம்புவான். காலண்டரில் அன்றைய மக்ரிப் ஏழு இருபத்தாறு. கடைசிப் பாட்டு ஏழு இருபத்து மூன்றுக்கு முடியும்படி வரிசை போட்டான். மூன்று நிமிடம் மிச்சம் வைத்திருப்பதாகப் பெருமையாக வேறு சொன்னான்.

கடைசிப் பாட்டு என்னுடையது, 'நீலச் சட்டை'. என் அம்மா இருபத்திரண்டு வருடம் நீலச் சீருடையோடு பாக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போனவள். அந்த விடியற்காலைகளைத்தான் பாட்டாக எழுதியிருந்தேன். அம்மா இன்னும் அதைக் கேட்கவில்லை. என்னைப் பற்றி எல்லாம் எதற்குப் பாட்டு என்று எழுந்து போய்விடுவாள். நான் எழுதியதில் எனக்கு மனதார நல்லது என்று தோன்றுவது அந்த ஒரு பாட்டுதான். அதையும் இந்த ஊர் கேட்காவிட்டால் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

முதல் மூன்று சினிமாப் பாட்டுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலைகள் ஆடின. எங்கள் பாட்டு இரண்டு வந்ததும் தலைகள் கைப்பேசிக்குள் குனிந்தன. ஏழு பதினேழுக்கு 'நீலச் சட்டை'யைத் தொடங்கினேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். திடலின் ஓரத்தில் பலகாரம் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*நாலு மணி இருட்டுக்குள்ள நாலு வீட்டில் விளக்கெரியும்,*
*நீலச் சட்டை பொத்தான் போட நிலைக்கண்ணாடி முகம் தெரியும்.*
*பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது, கொண்டையை முடிச்சுக்கோ,*
*இன்னும் ரெண்டு வாய் இருக்கு, டீயைக் குடிச்சுக்கோ.*

இரண்டாவது சரணம் முடிந்து மறுபடி 'பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது, கொண்டையை முடிச்சுக்கோ' என்று வந்து நின்றேன். அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும்போது சூராவிலிருந்து பாங்கு ஒலித்தது. மணி ஏழு இருபது.

செல்வாவின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. நான் கித்தார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன். ரூபேந்திரன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு பேயறைந்தவன் மாதிரி வேன் நிற்கும் திசையைப் பார்த்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஜொகூர் கிள்ளானுக்குக் கிழக்கே இருக்கிறது. இங்கே பொழுது சில நிமிடம் முன்னாலேயே சாய்ந்துவிடும். இரண்டு நாளாக உள்ளரங்கிலும் பகலிலும் வாசித்ததால் கண்ணில் படாத கணக்கு இது. கிள்ளான் காலண்டரைக் கட்டிக்கொண்டு ஜொகூருக்கு வந்த ஒரே குழு நாங்களாகத்தான் இருப்போம்.

அவனை அங்கேயே வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்க முடியாது. மூன்று பேரும் அசையாமல் நின்றோம்.

பாங்கு ஒலிக்கும் நேரம் அப்படியொன்றும் நீளமில்லை. ஆனால் பாதி வரியோடு மேடையில் நிற்கிறவளுக்கு அது நீளம்தான். பேச்சுகள் அடங்கின. பந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூட யாரோ சைகை காட்டி நிறுத்தினார்கள். சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் பார்ப்பதற்கு எதிரே இருந்தது நாங்கள் மட்டும்தான். அத்தனை முகங்களும் எங்களையே பார்த்தன. இரண்டு நாளாக நான் ஏங்கிய பார்வை அது. பாட முடியாத நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பாங்கு முடிந்தது. காளிதாஸ் அண்ணன் மேடையேறி, பரவாயில்லை தங்கச்சி என்று என் காதருகே மெதுவாகச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். கோப்பைகள் மேசைக்கு வந்தன. நான் கித்தார் வயரைப் பிடுங்கினேன். செல்வா குச்சிகளைப் பைக்குள் போட்டான். என்னை ஜெயித்துவிட்டவனின் முகமாக அவன் முகம் இல்லை. பாவம், அவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

முதல் பரிசுக்கான குழுவின் பெயரைக் காளிதாஸ் அண்ணன் வாசிக்கப் போகும்போது பலகாரக் கடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நாற்பது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. பெயர் காளியம்மா என்று பிறகு தெரிந்தது. பாக்டரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"காளிதாசு, கொஞ்சம் நில்லுப்பா. அந்தப் புள்ள பாட்ட முடிக்கலயே. பஸ்ஸு வந்துச்சா இல்லயா?"

திடல் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காளிதாஸ் அண்ணன் பரிசளிப்பு, நேரம், பையன்கள் காத்திருக்கிறார்கள் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். கோப்பை எங்கேயும் ஓடிவிடாது என்றார் காளியம்மா அக்கா. பக்கத்தில் இருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். விடியற்காலை பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிறவர்கள் அவர்கள். அந்தப் பஸ் வந்ததா என்று தெரியாமல் விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

காளிதாஸ் அண்ணன் ஒலிவாங்கியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வயரைச் சொருக நேரமில்லை. செல்வா பையைத் திறக்காமல் வெறும் கையாலேயே தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டான். 'பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது, கொண்டையை முடிச்சுக்கோ' என்று பாடி நிறுத்தினேன். அடுத்த வரியைப் பலகாரக் கடை பாடியது. இன்னும் ரெண்டு வாய் இருக்கு, டீயைக் குடிச்சுக்கோ. ஒரே ஒரு முறை கேட்ட வரி. ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார்கள்.

கடைசிச் சரணத்தில் பஸ் வரும். அம்மா ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். வாசலில் நிற்கிற மகள் கையசைப்பாள். அதற்குள் அம்மா தூங்கிப்போயிருப்பாள். அந்த இடத்தில் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. காளியம்மா அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டார். முன்வரிசையில் கொட்டாவி விட்டவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பாடிய எந்தப் பாட்டும் அவ்வளவு அமைதியாக முடிந்ததில்லை. கைத்தட்டல் சற்றுத் தாமதமாக, ஆனால் நிறையவே வந்தது.

பரிசளிப்பு முடிந்து சாமான்களை வேனில் ஏற்றும்போது காளியம்மா அக்கா வடைப் பொட்டலத்தோடு வந்தார். பாராட்டுவார் என்று பார்த்தேன்.

"நாலு மணி இல்லம்மா. எங்க பஸ்ஸு மூணே முக்காலுக்கே வந்துரும். வெளக்கு மூணு மணிக்கு எரியும். அடுத்த தடவ வர்றப்ப மாத்திப் பாடு."

சரிக்கா என்றேன். எனக்கு யார் திருத்தினாலும் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்திருந்தது.

ரூபேந்திரன் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, மன்னிச்சிரு லோஷி என்று மூன்றாவது முறையாகச் சொன்னான். அவனுக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு எதுவும் இப்போது என் வாய்க்கு வரவில்லை. நீ தப்பு செய்யாமல் இருந்திருந்தால் பாட்டு முடிந்திருக்கும், யாரும் முடிவு கேட்டிருக்க மாட்டார்கள் என்றேன். அப்படியென்றால் தனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று அவன் உடனே நிமிர்ந்தான். அதற்கு வேறு ஒரு வசவு கொடுத்தேன்.

செல்வாவைக் காணவில்லை. நான் அவனோடு வாதாடத் தயாராக இருந்தேன். அந்த அக்கா கேட்டது பாட்டையா, பாட்டின் முடிவையா, இது கணக்கில் சேருமா சேராதா என்று அவன் ஆரம்பிப்பான் என்று எனக்குத் தெரியும். பதிலெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

அவன் காளிதாஸ் அண்ணனிடமிருந்து ஒரு தாளை வாங்கிக்கொண்டு வந்தான். முன்கதவைத் திறந்து, டாஷ்போர்டில் இருந்த டயர்க் கடைக் காலண்டரின் மேல் அதை வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தான். ஜொகூர் தொழுகை நேர அட்டவணை. டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் இருந்தது.

"வண்டிய எடுடா, ரூபன்" என்றான்.