மூடியில் இருந்தது

ஓரகத்தியை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். இப்போது தன் வாயையே நொந்துகொண்டாள்.

அண்ணன் தம்பியைக் கட்டிய இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே ஆய்வகம். பெரியவளுக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். சின்னவளுக்கு ஒன்றரை. மாடியில் செல் வளர்க்கப் புதிதாக ஓர் அறை தயாராகிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பு தனக்குத்தான் என்று பெரியவள் அலமாரிகளை எங்கே வைப்பது என்பது வரை யோசித்துவிட்டாள். அப்போதுதான் ஆய்வகத் தலைவி டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டார்.

"ஆளுக்கு ஒரு குப்பி தர்றேன். ஒரு வாரம் செல் வளருங்க. யாரோடது நல்லா வருதோ, அவங்க கையில சாவி."

குப்பியில் இருந்தது மனிதப் புரதம். மனித உடம்பிலிருந்து எடுத்தது இல்லை. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக் கொண்டே செய்ய வைத்து, சுத்தம் செய்து உலர்த்தி அனுப்பியிருந்தார்கள். உடம்புக்குள் ஒரு செல் பக்கத்துச் செல்லிடம் 'வளர்' என்று சொல்ல அனுப்பும் சேதி அது. ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. பார்த்தால் குப்பி காலி.

பெரியவள் குப்பியை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். எந்தப் பொடியானாலும் அவளுக்கு இரண்டு தட்டுத்தான். மூடியைத் திருகி ஓரமாகப் போட்டாள்.

"அக்கா, கூட வந்த பேப்பர்ல..."

"பேப்பர் படிச்சா நான் வேலை கத்துக்கிட்டேன்?"

சின்னவள் தன் குப்பியைத் திறக்காமல் சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுழற்றினாள். அது நின்ற பிறகுதான் திறந்தாள். பெரியவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பாவ்லா, என்று நினைத்தாள்.

இருவரும் கரைத்தார்கள். பத்துப் பத்துச் சின்னக் குழாய்களில் பிரித்து ஒரே ஃப்ரீசரில் வைத்தார்கள். தினமும் ஒன்றை உருக்கி, தட்டில் இருக்கும் செல்களுக்கு ஊற்ற வேண்டும். பெரியவளுடையவை மஞ்சள் மூடி. சின்னவளுடையவை நீலம்.

நாலாம் நாள் பெரியவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அவளுடைய செல்கள் பாதிக்கு மேல் சுருண்டு மிதந்தன. சின்னவளின் தட்டை எடுத்து வைத்தாள். கை நீட்டிக் கால் நீட்டி, இடமே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

அன்று வீட்டில் மாமியார் ஜன்னலோரத் தொட்டியைக் காட்டி, "சின்னவ கை பட்டா பட்ட கொம்பும் துளிர்க்குது" என்றார். பெரியவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். தெருவுக்கே கேட்டது.

அவளுக்கு நல்ல குப்பி, எனக்குச் சொத்தைக் குப்பி. ஐந்தாம் நாள் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்த நினைப்போடு ஃப்ரீசரைத் திறந்தாள். நீல மூடியைக் கழற்றி மஞ்சளில் மாட்ட வேண்டும். மஞ்சளை நீலத்தில். ஐந்து நிமிட வேலை.

சின்னவளின் பெட்டியில், நீலங்களுக்குப் பின்னால், ஒரு வெள்ளை மூடிக் குழாய் இருந்தது. மேலே பொடி எழுத்து: 'அக்கா. மூடியைக் கழுவி எடுத்தது.' முதல் நாள் தேதி.

விரல் குளிரில் ஒட்டும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குப்பி வழியில் தலைகீழாக வந்திருக்கிறது. புரதமெல்லாம் மூடியில் ஒட்டியிருந்திருக்கிறது. சுழற்றியிருந்தால் கீழே இறங்கியிருக்கும். அவள் தட்டிவிட்டுத் திறந்து, கரைக்கும் திரவத்தை வெறும் குப்பியில் ஊற்றியிருக்கிறாள்.

கை கழுவும் இடத்தில் சின்னவளைப் பிடித்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். கடிச்சீங்க. நேத்து சொல்லலாம்னு பார்த்தா பாத்திரத்தோட சண்டை போட்டுட்டிருந்தீங்க. குறுக்க வர பயமா இருந்துச்சு."

"எதுக்குக் கழுவி வச்ச?"

"வீணாப் போகுதேன்னுதான். எடுத்து ஊத்துங்கக்கா. இன்னும் ரெண்டு நாள் இருக்கு, எந்திரிச்சுடும்."

"அப்போ உனக்குச் சாவி?"

"எனக்கென்ன அவசரம்? வயசு இருக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"சுத்தாமத் திறந்துட்டேன். மூடியோட போயிருச்சு. தப்பு என்மேல. சாவிய அவகிட்டயே குடுங்க."

"பெரிய மனசு உங்களுக்கு."

மனசாவது ஒன்றாவது. தோற்றுப்போகலாம். அவள் கழுவிக் கொடுத்ததில் ஜெயித்துவிட்டு, தினமும் காலையில் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

ஏழாம் நாள் சின்னவள் சாவியை வாங்கினாள். வீட்டில் மாமியார் கைதட்டினார். பெரியவளும் தட்டினாள், இரண்டு தட்டு.

மறுநாள் வெள்ளை மூடிக் குழாயை எடுத்து உருக்கினாள். போட்டி முடிந்துவிட்டது, யாரும் கேட்கப்போவதில்லை. தட்டில் மிச்சமிருந்த செல்களுக்கு ஊற்றினாள். அடுத்த நாளும் ஊற்றினாள். பத்து நாளில் அவை தட்டு முழுக்கப் பரவின.

பெரியவள் ஊற்றத் தொடங்கிய அதே நாளில் சின்னவளும் புதிதாக ஒரு தட்டு தொடங்கியிருந்தாள். அவள் மாடியில் புது அறையை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவள் அதை எடுத்துவந்து தன்னுடையதன் பக்கத்தில் வைத்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். கட்டம் போட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

தன்னுடையதுதான் கொஞ்சம் அடர்த்தி.

யாரிடமும் சொல்லவில்லை. சின்னவளின் தட்டை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.