கழுத்தளவு

மூன்றாவது அட்டிகையும் கடையிலிருந்து திரும்பி வந்த அன்று அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. எந்தப் பெண் போட்டுப் பார்த்தாலும் பின்னால் கொக்கி எட்டவில்லையாம். 'சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சரியாக வரும் போலிருக்கிறது' என்று விற்பனைப் பெண் ஒரு துண்டுச்சீட்டு வேறு எழுதி அனுப்பியிருந்தாள். அக்கா பென்சிலை மேஜைமேல் வீசினாள். அது உருண்டுபோய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. அதற்கும் சேர்த்து, நகை செய்துதரும் பட்டறைக்காரரைத் திட்டினாள்.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. முப்பது வருஷமாக ஒரே நகைக்கடைக்கு டிசைன் வரைகிறாள். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கடைக்கு ஆறு கிளைகள். உள்ளே நுழைந்ததும் பெண்கள், "அக்கா டிசைன் வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அந்த அக்கா கறுப்பா சிவப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது கடை முதலாளியின் சாமர்த்தியம். அந்த மனிதருக்கே கடைசியில் மனசு இளகியது. இந்த வருஷம் அக்கா வரையும் இருபது அட்டிகைகளைப் படம் பிடித்து, அட்டையில் அவள் பெயரைப் போட்டுப் புத்தகம் கொண்டுவருகிறேன் என்றார். ஒன்பது மாதமாக அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் தங்கை குட்டிக்கும் இல்லை.

குட்டிக்கு வயது நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கிளறினால், "என் கழுத்தை எங்கக்கா வேற யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்னுட்டா" என்பாள் குட்டி.

அதில் பாதி உண்மை. அக்காவின் முப்பது வருஷத்து நகையும் அந்த ஒரு கழுத்தில் உட்கார்ந்து பார்த்தவைதான். குட்டியின் கழுத்து பெருத்ததும் இல்லை, சிறுத்ததும் இல்லை. அதற்குப் பொருந்தியது பத்துப் பெண்களில் ஏழு பேருக்கு அப்படியே பொருந்தும். அளவு டேப்பை அக்கா தொடவே மாட்டாள். "நகை என்ன டேப்பிலயா உக்காரப்போவுது?" என்பாள். வரைந்ததைக் கெட்டி அட்டையில் வெட்டி, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் தங்கையின் கழுத்தில் சுற்றி, பின்னால் இழுத்துக் குண்டூசி குத்துவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நூலளவு தூக்கினாலும் மறுபடி வெட்டுவாள். சரியாக உட்கார்ந்த அட்டை, பின்பக்கம் தேதி போட்டுப் பட்டறைக்குப் போகும். பட்டறைக்கு அதுதான் அளவு.

"ஆடாதடி! உன் வகுப்புப் பிள்ளைங்களை இப்படித்தான் ஆட விடுவியா?"

"அவங்க கழுத்துல நான் குண்டூசி குத்தறதில்லையேக்கா."

இந்தக் கூத்து தினமும் நடக்கும். சாப்பிடும்போதுகூட அக்கா இடது பக்கம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வரைவாள். எதிரே இருக்கும் தட்டில் சோறு குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு எங்கே நேரம்?

ஒருநாள் தங்கையின் முகவாயை விரலால் நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். "இப்பதான்டி உனக்குக் கழுத்தெலும்பு இவ்வளவு எடுப்பா தெரியுது. இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?"

குட்டி சிரித்தாள். "உன் புத்தகத்துக்குன்னு சேர்த்து வெச்சிருந்தேன்."

இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு குழி இருந்தது. அந்தக் குழியில் வந்து அடங்குகிற மாதிரி ஒற்றைச் சொட்டு தொங்கும் அட்டிகை ஒன்றை அக்கா அன்றைக்கே வரைந்தாள். பார்த்த முதலாளி வாயடைத்துப் போனார். புத்தகத்துக்கு இதுதான் அட்டைப்படம் என்று சொல்லிவிட்டார். குட்டியின் கழுத்திலேயே படம் பிடித்து முடித்து, விற்பனைக்கு வைத்து, இப்போது மூன்றாவதாகத் திரும்பி வந்திருந்ததும் அதுதான்.

அக்கா அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணே, கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வேலை பார்க்கறீங்க? புத்தகம் வர்ற நேரத்துல என் மானத்தை வாங்கறீங்களே!"

பட்டறைக்காரர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சுவரில் கம்பியில் கோத்து மாட்டியிருந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார். "உங்க அட்டைக்கு மேல நான் ஒரு நூல் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. நீங்களே பாருங்கம்மா."

மாதத்துக்கு ஒன்றாக எடுத்தார். முதல் மாதத்து அட்டையை மேஜையில் வைத்தார். அதன்மேல் இரண்டாவது மாதம். அதன்மேல் மூன்றாவது. ஒருபக்க நுனிகளைச் சேர்த்துப் பிடித்தார். மறுபக்கம் ஒன்பது அட்டைகளும் படிப்படியாக உள்ளே போயின. அடியில் இருந்ததற்கும் மேலே இருந்ததற்கும் இரண்டு விரல் அகலம் வித்தியாசம்.

"வேற யாரையோ வெச்சு அளவெடுக்கறீங்களோன்னு நெனச்சேன்மா," என்றார். "சின்னப் பொண்ணு யாரையாவது."

அக்கா அட்டைகளை வாங்கித் தானே நுனி சேர்த்துப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. ஒரே கழுத்துதான். ஒன்பது மாதமும் அட்டையை இழுத்து இழுத்துக் குண்டூசி குத்தியது அவள் கைதான். நூலளவு அட்டை தூக்கினால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, அட்டைக்குள் இருந்த தங்கை கரைந்துகொண்டு போனது தெரியவில்லை. எடுப்பாக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தாளே! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கொண்டுபோன அட்டிகை பட்டறையிலேயே கிடந்தது.

குட்டி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாடி?"

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குட்டி மழுப்பவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "சாப்பாடு சரியா இறங்காம அஞ்சு மாசம் ஆச்சு. வலி அதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஒரு தடவை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. புத்தகம் வந்துடட்டும்னு இருந்தேன்."

"புத்தகம் நாசமாப் போகட்டும்!"

"அப்படிச் சொல்லாதக்கா. முப்பது வருஷம் உன் பேரு இல்லாமலே வித்தாங்க. நான் படுத்துட்டா நீ பென்சிலைத் தொடமாட்டே. எனக்குத் தெரியாதா?"

அக்கா அறைவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை தங்கையின் கழுத்தில் போய் விழுந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எத்தனை ஆயிரம் தடவை தொட்ட கழுத்து! அன்றைக்குத்தான் அது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது.

வயிற்றில் கட்டி. "ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். "போதும் டாக்டர்," என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம் புத்தகம் வந்தது. பட்டறைக்காரர்தான் கொண்டுவந்தார், விட்டுப்போன அட்டிகையும் கூடவே இருந்தது. குட்டி அட்டையில் இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்லையே, தப்பில்லாம போட்டிருக்காங்க. பத்துக்குப் பத்து" என்றாள். டீச்சர் புத்தி எங்கே போகும்? அப்புறம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அதைப் போட்டுவிடுக்கா. உக்காருதான்னு பாரு."

அக்கா கொக்கியை மாட்டினாள். அட்டிகை தொளதொளவென்று இறங்கியது; சொட்டு குழியைத் தாண்டிக் கீழே போயிற்று. அக்கா சட்டென்று பின்னால் கைவிட்டு, தளர்ந்த இடத்தை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சொட்டு மேலேறிக் குழியில் வந்து நின்றது.

"சரியா இருக்கா?"

முப்பது வருஷத்தில் சரியில்லாத ஒன்றை அக்கா சரி என்று சொன்னதே கிடையாது. "அப்படியே உக்காருதுடி," என்றாள்.

"பின்னாடி புடிச்சிருக்கே," என்றாள் குட்டி. "விடு. கை வலிக்கும்."

அக்கா விடவில்லை. நர்ஸ் வந்து நகையைக் கழற்றச் சொல்லும்வரை அப்படியே நின்றாள்.

பத்தாம் நாள் குட்டி போய்விட்டாள்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. ஆறு கிளைகளிலும் பெண்கள் அட்டைப்படத்தைக் காட்டி அதேதான் வேண்டும் என்று நின்றார்கள். இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக்காரர் அட்டைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா ஜன்னலோரம் இருந்த ஸ்டூலை யாரும் உட்காராதபடி சுவர்ப்பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

"அந்தச் சொட்டு எந்தக் கழுத்துலயும் நிக்க மாட்டேங்குதும்மா. அளவு புதுசா வேணும். பொம்மைக் கழுத்து ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமான்னு முதலாளி கேக்கறார்."

அக்கா ஒன்பது அட்டைகளையும் வாங்கி அடியில் இருந்ததை மட்டும் உருவினாள். முதல் மாதத்து அட்டை. பின்னால் குண்டூசி குத்திய துளைகள் இருந்தன. அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு நீட்டினாள்.

"இந்த அளவுல போடுங்க. சொட்டை எடுத்துடுங்க."

"சொட்டையா? அதுக்குத்தானேம்மா எல்லாரும் கேட்டு வர்றாங்க! அந்தக் குழியில வந்து நிக்கிற அழகே..."

"எங்க குட்டிக்கு அப்படி ஒரு குழியே கிடையாதுண்ணே," என்றாள் அக்கா.