வலது கை தெரிந்தவர்களுக்கு

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் தரம் நான்கு வகுப்பில் கை தூக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

“தெரிஞ்சவங்க எந்தக் கை?”

“வலது கை டீச்சர்!”

“தெரியாதவங்க?”

“இடது கை டீச்சர்!”

“தூக்காம யாராச்சும் இருக்கலாமா?”

“இருக்கக் கூடாது டீச்சர்!”

தெரேசா டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். இருபத்தொன்று வலது, பதினொன்று இடது. வகுப்பைச் சோதிக்க வந்து பின்னால் இருந்து பார்க்கிற மனிதர் எந்தக் கை என்றா பார்க்கப் போகிறார்? வகுப்பே விடையை வாயில் வைத்துக்கொண்டு துடிப்பதாகத்தான் நினைப்பார். டீச்சர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்லுவார், விடை வரும், அவ்வளவுதான்.

வாசலில் நின்ற அதிபர் இராமநாதன் திருப்தியாகத் தலையாட்டினார்.

“வியாழக்கிழமை கணித ஆலோசகர் வந்தா இப்பிடியே இருக்கணும் டீச்சர். போன வருஷம் நூறு வீதம் தேர்ச்சின்னு குடுத்துட்டோம். இப்ப கீழ எறங்கினா, ஏன் எறங்குச்சின்னு கேட்டே கொன்னுருவாங்க.”

“சரி சேர்.”

அந்தச் ‘சரி சேர்’ பத்தொன்பது வருடப் பழக்கம். இந்தக் கை வித்தையை முன்பிருந்த ஓர் ஆசிரியை காட்டிக்கொடுத்தபோது தெரேசாவுக்கு உடம்பு கூசியது. மறு வருடம் கூச்சம் பாதியாயிற்று. அதற்குப் பிறகு கூசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அம்பிட்டியவில் விடியுமுன் பஸ் ஏறுவார். வளைவுகளில் தூங்கி விழுந்துகொண்டே வருவார். தேர்ச்சிப் பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் நேரே ‘அடைந்துள்ளார்’ என்ற கட்டத்தில் சரி போடுவார். பின்னேரம் மறுபடி பஸ் ஏறுவார். கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகளை அடித்ததில்லை, ஒரு நாள் பிந்தி வந்ததில்லை. மரத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

இடது கைக்காரர் பதினொருவரில் லிண்டாவும் ஒருத்தி. கழித்தல் வராது. அடுத்த வருடம் தரம் ஐந்து. அங்கே புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள்தான் பாடம். ஓடுகிற பிள்ளைகளை ஓட்டுவதற்கே நேரம் போதாது, உட்கார்ந்துவிட்ட பிள்ளையை யார் தூக்கிவிடுவது? இந்த வருடம் வராவிட்டால் லிண்டாவுக்குக் கணக்கு எந்த வருடமும் வரப்போவதில்லை. இது டீச்சருக்கும் தெரியும். தெரிந்தென்ன? பதிவேட்டில் லிண்டா எப்போதோ ‘அடைந்துள்ளார்’.

வியாழக்கிழமை எட்டரைக்கு ஆலோசகர் ருஷ்தி மழைச்சட்டையை உதறிக்கொண்டு வந்து பின் வரிசைக் கதிரையில் அமர்ந்தார். அதிபர் பக்கத்தில் நின்றார். டீச்சர் பலகையில் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கும் கணக்கை எழுதினார்.

“விடை யாருக்குத் தெரியும்?”

முப்பத்திரண்டு கைகள். டீச்சரின் கண் வழக்கப்படி தர்ஷனாவிடம் போனது. தர்ஷனா கெட்டிக்காரி, விடை தப்பாது. ஆனால் அவளுக்கு முன்னால் இன்னொரு வலது கை இருந்தது. லிண்டாவின் கை. பிள்ளை கையை மாற்றித் தூக்கிவிட்டது என்று நினைத்த டீச்சர், “தர்ஷ...” என்று ஆரம்பிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்த மகளுக்குக் குடுங்க டீச்சர். எவ்வளவு ஆசையா தூக்குறா பாருங்க.”

லிண்டா எழுந்தாள்.

“சொல்லுங்க மகள், விடை என்ன?”

“தெரியாது சேர்.”

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

“தெரியாட்டி ஏன் கை தூக்கின?”

“வலது கையைத் தூக்கினாத்தான் கேப்பாங்க சேர். இடது கையைத் தூக்குறவங்கள யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டாத்தானே எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம்.”

ருஷ்தி கையிலிருந்த பேனையை மூடினார். அதிபரைப் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை.

“பயப்பட ஒண்ணுமில்ல மகள். உங்களுக்கு எது தெரியாது?”

“ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல ஒன்னு வாங்கணும்னு டீச்சர் சொன்னாங்க. ஒன்னுதானே சேர் வாங்கினோம்? அது எப்பிடிப் பத்தாச்சு? டீச்சர்கிட்ட கேட்டேன். அப்பிடித்தான், எழுதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் இடது கை.”

தெரேசா நினைத்துப் பார்த்தார். வருடத் தொடக்கத்தில், முதலாம் தவணையாக இருக்கலாம். நினைவில் இல்லை. அப்படிச் சொன்னது எத்தனை பிள்ளைகளுக்கு என்பதும் நினைவில் இல்லை.

ருஷ்தி தர்ஷனாவைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க.”

“இருபத்தைந்து சேர்!”

“சரியான விடை. ஒன்னு வாங்கினா அது எப்பிடி மகள் பத்தாகுது?”

தர்ஷனா திகைத்தாள். பிறகு தைரியமாகவே சொன்னாள்: “அப்பிடித்தான் சேர்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வெட்கம் வரும் என்று தெரேசா காத்திருந்தார். வரவில்லை. வெகுநேரம் மடித்து உட்கார்ந்த காலில் திடீரென்று இரத்தம் ஓடினால் எப்படி இருக்கும்? ஊசி குத்துவதுபோல் ஏதோ ஒன்று உள்ளே மெல்லக் குத்தத் தொடங்கியது. அவர் கதவு மூலைக்குப் போனார். அங்கே கிடந்த புது ஈர்க்கு விளக்குமாற்றின் கட்டை அவிழ்த்தார்.

“டீச்சர், என்ன பண்றீங்க?” என்றார் அதிபர்.

“கணக்கு சேர்.”

ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக எண்ணி, இறப்பர் வளையம் போட்டு ஐந்து கட்டுகள் செய்தார். தனியாக இரண்டு ஈர்க்குகள். எல்லாவற்றையும் லிண்டாவின் மேசையில் வைத்தார்.

“ஐம்பத்திரண்டு இருக்கு. எனக்கு ஏழு ஈர்க்கு குடு லிண்டா.”

லிண்டா தனியாகக் கிடந்த இரண்டைப் பார்த்தாள். கட்டுகளைப் பார்த்தாள். ஒரு கட்டை எடுத்து வளையத்தைக் கழற்றினாள். ஈர்க்குகள் மேசையில் சிதறின. அவள் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

“டீச்சர்... ஒன்னுதான் வாங்குறோம். ஆனா அது சும்மா ஒன்னு இல்ல. உள்ளுக்குப் பத்துப் பேர் இருக்கிற ஒன்னு!”

“ஆமா,” என்றார் டீச்சர்.

ஏழைக் கொடுத்தாள், பிறகு இருபதுக்கு இரண்டு முழுக் கட்டுகளைக் கொடுத்தாள். மிச்சம் இருபத்தைந்து. பின் வரிசையில் ஒரு பையன் மேசைமேல் ஏறி எட்டிப் பார்த்து, “அடியேய், இதுதானா விசயம்!” என்று கத்தினான்.

பாடம் முடிந்ததும் காரியாலயத்தில் தேநீர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. தெரேசா தேர்ச்சிப் பதிவேட்டை விரித்து, சிவப்புப் பேனையால் கழித்தலுக்குப் போட்ட சரிகளை ஒவ்வொன்றாக வெட்டினார்.

“பதினொன்னுதானே டீச்சர்?” அதிபரின் குரல் இறங்கியிருந்தது. “தெரியாதவங்க பதினொரு பேருதானே?”

“தர்ஷனா சொன்னதக் கேட்டீங்கதானே சேர். தெரிஞ்சவங்கன்னு நெனச்ச புள்ளைங்களுக்கும் நான் சொல்லிக் குடுக்கல. முப்பத்தொன்ன வெட்டியிருக்கேன். நாளையில இருந்து ஒவ்வொருத்தராக் கேட்டுத்தான் திரும்பப் போடுவேன்.”

“முப்பத்திரண்டு பேர் இருக்காங்களே?”

“லிண்டாவோட சரி மட்டும் சரி சேர்.”

அதிபர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம பாடசாலைப் பேரு என்னாகும் டீச்சர்?”

“வெட்டின எடத்துல எல்லாம் கையொப்பம் வைங்க டீச்சர்,” என்றார் ருஷ்தி.

தெரேசா கையொப்பம் வைத்தார். கடைசிக் கையொப்பத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பேரு போனாப் போகட்டும் சேர். தெரியாதுன்னு ஒரு புள்ள சொல்ற எடத்துலதான் பாடம் ஆரம்பிக்குது. அதச் சொல்ல விடாத வகுப்புல விடை இருக்கும், நூறு வீதம் இருக்கும், படிப்பு இருக்காது. நாங்க பத்தொன்பது வருஷமாப் புள்ளைங்களுக்குப் பழக்கினது கணக்கு இல்ல சேர். தெரியாதத மறைக்கத்தான் பழக்கியிருக்கோம்.”