தாடைக்குக் கீழே ஒரு கொக்கி

ஏழு மாதமாக ஒவைஸ் கதவில்லாத இடங்களில் மட்டுமே இருந்து வந்தான். திருவொற்றியூரில் அவனுக்குத் தெரிந்து அப்படி மூன்று இடங்கள்: மொட்டை மாடி, டீக்கடை பெஞ்சு, கடலோரக் கல்குவியல். கழிப்பறைக்கும் கதவு உண்டு என்பதால் வீட்டார் அந்த விஷயத்தில் பெரிய மனது பண்ண வேண்டியிருந்தது.

ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்குச் சரக்கு எண்ணும் வேலை. ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் அவன் ஒரு கன்டெய்னருக்குள் எண்ணிக்கொண்டிருக்க, யாரோ கடமை தவறாதவர் வெளியிலிருந்து கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நாலு மணி நேரம். திறந்ததும் சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி: "எத்தினி பொட்டிடா?"

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்ப் பழகச் சொன்னார். எங்கே போவது என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது ஆழ்வேந்தன். கடலுக்கடியில் இரும்புக் கவசத்துக்குள்ளேயே குடியிருக்கும் காமிக்ஸ் வீரன். அவனுக்கு வாட்ஸ்அப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு ரசிகர்கள். அந்தக் குழுவில் யாரும் ஒவைஸிடம், "இன்னுமா சரியாகலை?" என்று கேட்கவில்லை. "தோள்பட்டைக்கு எத்தனை எம்எம் ஃபோம் போட்டே?" என்றுதான் கேட்டார்கள். ஏழு மாதத்தில் அவனால் பதில் சொல்ல முடிந்த முதல் கேள்வி அது.

ஃபோம் வெட்டிக் கவசம் செய்தான். தலைக்கவசம் மட்டும் தீனாவின் கைவேலை. வியாசர்பாடி தோஸ்து, காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுபவன். ஒவைஸ் வைத்த நிபந்தனை ஒன்றே. இரண்டு பாதியாகத் திறக்க வேண்டும், கொக்கி தன் கைக்கு எட்டும்படி தாடைக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் நாள் இரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டான். பிறகு பத்து. கை மட்டும் கொக்கியை விட்டு நகராது.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர் கூட்டம். பாதியில் திரும்பினால் இனி கிளம்பவே மாட்டோம் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டிலேயே கவசத்தை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினான். பக்கத்தில் எட்டுக்கால் கணவாய் வேடத்தில் தீனா. எதிரே கூடையோடு மீன்காரி தங்கபுஷ்பம்.

"இன்னாடா இது, கேஸ் சிலிண்டருக்குக் கை காலு மொளைச்சா மாறி?"

"ஆழ்வேந்தன்க்கா."

"நீ இன்னா, கெட்டுப்போன கடம்பா மீனா?"

தீனா ஒவைஸின் தாடைக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி நின்றது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசை. இடப்பக்கம் நீலக் கன்டெய்னர், வலப்பக்கம் சிவப்பு. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். அவர் அந்த ரோட்டு நெரிசலுக்குப் பழகியவர். பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார்.

இருபது நிமிடம் போனது. ஒவைஸுக்கு மூச்சு, அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல வந்தது. கொக்கியை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான்.

"தீனா. தொறக்கல."

"மாமு, திட்டாத. காலைல மாட்டி வுட்டேன்ல... கொக்கிகிட்ட ஒட்டுல ஒரு சின்ன கேப் தெரிஞ்சிது. பையில படகுக்குப் பூசற ரெசின் மிச்சம் இருந்திச்சி. கை தானா போய் பூசிடுச்சிடா. இடுக்கு கண்டா அடைக்கிற கைடா இது. தண்ணி ஒரு சொட்டு உள்ள வராது."

"தண்ணி எதுக்குடா வரும்? நான் இன்னா படகா!"

கவசத்துக்குள் அவன் கத்தியது அவனுக்கே திரும்பி வந்தது. இருட்டு, சொந்த வியர்வை நாற்றம், இரண்டு பக்கமும் இரும்புச் சுவர். தங்கபுஷ்பம் கூடை மூடியை எடுத்து கவசத்தின் மூச்சுத் துளைகளுக்கு நேரே விசிறினாள். காற்றோடு நெத்திலி வாசனையும் வந்தது.

"வுடு மூச்ச. மெதுவா. பேஜாரு ஆவாத நைனா."

"லாரிக்காரன் கிட்ட இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு இருக்கும்," என்றான் தீனா. அழுதுவிடுவான் போலிருந்தது. "அறுத்துட்டு வூட்டுக்குப் பூடலாம் மாமு."

மூச்சு இழுத்து விட்டு, இழுத்து விட்டு, ஒவைஸ் கேட்டான்: "எப்போ பூசின?"

"ஒம்போதே காலுக்கு."

"இப்போ?"

"பத்தரை," என்றார் டிரைவர், பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

எண்ணுவது ஒவைஸின் தொழில். ஒன்றேகால் மணி நேரம். அதில் கடைசி ஐந்து நிமிடத்தைக் கழித்தால், ஒரு மணி பத்து நிமிடம் அவன் பூட்டப்பட்ட பெட்டிக்குள் உட்கார்ந்து, திறக்காத கொக்கியைப் பிடித்துக்கொண்டு, தங்கபுஷ்பத்தோடு பேசிக்கொண்டு வந்திருக்கிறான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பிளேடு வாங்கிக்கோ," என்றான். "மண்டபத்துல போய் அறுத்துக்கலாம்."

இறங்கினார்கள். ஆட்டோவுக்கு முன்னால் இரண்டு வரிசைக்கும் நடுவே சந்து தோள் உரசும் அகலத்துக்குக் குறுகி, கண்ணுக்கெட்டிய தூரம் ராயபுரம் பக்கமாகப் போனது. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் கொக்கி வெளிப்பக்கம். ஒவைஸ் ஒரு கையைத் தாடைக்குக் கீழே வைத்தபடி நடந்தான். பின்னால் பிளேடைப் பிடித்துக்கொண்டு, எட்டுக் காலும் தரையில் இழுபட, தீனா.

கொஞ்ச தூரம் போனதும் தீனா பின்னாலிருந்து கவசத்தைத் தட்டினான்.

"மாமு, இன்னா பண்ற உள்ள?"

"எண்ணிக்கினு கீறேன். பேசாம வா."

"எத்தினி பொட்டி?"

"முப்பத்தி நாலு," என்றான் ஒவைஸ்.