காற்புள்ளியைத் திருத்தப் போன கதை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாய்க்குட்டி தன் பீயைத் தானே தின்றதைக் கண்ட அதிர்ச்சியில் பிறந்த கதை இது. ‘மலம்’ என்றுதான் எழுதியிருந்தேன். அதில் நாற்றம் வரவில்லை, அடித்துவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: ‘இளங்காலைச் சூரியன் சன்னல் வழியே மெல்ல—’ வேண்டாம். இந்த விஷயத்துக்குச் சூரியன் எதற்கு?

தொடக்கம் இரண்டு: காலை ஆறரை மணி. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர் கூடத்துக்கு வந்தார். மூன்று மாதக் குட்டி ஒன்று சோபா ஓரமாகக் குந்தியிருந்தது. வால் வளைந்திருந்ததால் காற்புள்ளி என்று அவரே பெயர் வைத்த குட்டி. அவர் காலடி கேட்டதும் அவசரமாகத் திரும்பி, சுடச்சுட, ஒரு துணுக்கு விடாமல்—

(இதை முடிக்கப்போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்கள்.)

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, இந்த வாய்தானே நேற்று மகளின் கன்னத்தை நக்கியது! மனைவி வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது முடிவோடு வந்தாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இத நிறுத்துங்க. இல்லேன்னா வாங்கின இடத்துலயே விட்டுட்டு வந்துடலாம்.”

நாலாம் வகுப்பு படிக்கும் மகள் தட்டைத் தள்ளிவைத்தாள். 

2

இந்த மனிதரைப் பற்றி எனக்குச் சந்தேகமுண்டு. முதல் பிரதியில் இவர் வங்கி ஊழியர். ஆனால் வங்கி ஊழியர் இப்படிச் செய்யமாட்டார்.

அச்சகத்தில் இவருக்கு ஒரு வழக்கம். டைப் செய்பவர் தப்பு விட்டால், அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்பார். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். இருபது வருடமாக இதுதான் முறை. பால் பாக்கெட்டில் பிழை இருந்தால்கூட சிவப்புப் பேனாவை எடுக்கிறவர் அவர்.

குட்டியையும் அதே முறையில்தான் வளர்த்தார். வீட்டுக்குள் அது அசிங்கம் பண்ணிய இடத்துக்கெல்லாம் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து, மூக்கைக் கிட்டே வைத்து, விரலை நீட்டி, “இது என்ன?” என்பார். தினம் நான்கைந்து முறை நடந்தது.

(தின்னாமலிருக்க என்னென்னவோ செய்தும் பார்த்தார். சாப்பாட்டில் அன்னாசித் துண்டு கலந்தார். போனதன் மேல் மிளகுத்தூள் தூவினார். தும்மிக்கொண்டே தின்றது.)

3

கால்நடை டாக்டரம்மா குட்டியைப் புரட்டிப் பார்த்தார். பூச்சி இல்லை, தீனியிலும் குறையில்லை. வீட்டில் இதை யார் திட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே. தப்பைக் காட்டாமல் விடமுடியுமா?

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். “சார், அது ருசிக்காகத் திங்கல. நீங்க வர்றதுக்குள்ள தப்பை இல்லாம ஆக்கப் பாக்குது.”

 குட்டி போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், முடித்ததும் கூப்பிட்டு ஒரு பிஸ்கெட் கொடுங்கள், பேசாமல் அள்ளிப்போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருந்தேன்.

4

இந்தப் பகுதியை இரண்டு முறை வெட்டினேன். பொருத்தம் அதிகம், நானே ஜோடித்தேன் என்பீர்கள். வெட்டியபிறகுதான், குட்டி செய்ததையே நானும் செய்கிறேன் என்று உறைத்தது.

சனிக்கிழமை. குட்டிக்கு மூலையில் விரிக்கப் பழைய தாள் தேடினார். மகளின் கணக்கு நோட்டு கையில் வந்தது. இளைத்துப் போயிருந்தது. புரட்டினார். டீச்சர் போட்ட சரி, சரி, சரி. ஒரு தப்புக்கூட இல்லை. நாலாம் வகுப்பு நோட்டில் ஒரு தப்புக்கூட இல்லாமல் இருக்குமா? தையலைப் பார்த்தார். பாதித் தாள் இல்லை.

“இது என்ன?”

குட்டி நாற்காலிக்கடியில் போய்ப் புகுந்தது. மகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“தப்பு வந்த பக்கம்ப்பா. கிழிச்சு… மென்னு முழுங்கிட்டேன். குப்பையில போட்டா நீங்க எடுத்துப் பாத்துடுவீங்க.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீட்டிய விரல் மடங்க மறுத்தது. தன்னைக் கண்டு பயந்து தன் குழந்தை காகிதம் தின்றிருக்கிறாள். 

5

ஞாயிறு, அதே ஆறரை. மூலையில் விரித்த தாளின் மேல் காற்புள்ளி சுற்றிச் சுற்றி வருகிறது. மனைவி கைகட்டி நிற்கிறாள். அவர் கையில் பிஸ்கெட். கண் மட்டும் குட்டியை விட்டு நகரவில்லை, பழக்கம் அப்படி. மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“அப்பா, அந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினார். சுவரில் காலண்டர். அதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அவர் பேனாவை எடுக்கவில்லை. மனைவியும் திரும்பிக்கொண்டாள்.

முடிவு ஒன்று: குட்டி தின்னவில்லை, எல்லோரும்— நம்புவீர்களா?

முடிவு இரண்டு: தின்றுவிட்டது, மாலையில் அதைக் கூடையில் வைத்து வாங்கின இடத்துக்கே— இதை எழுதக் கை வரவில்லை.

முதல் வரியிலிருந்து இந்த மூவரின் தலைமேல் விரல் நீட்டிக்கொண்டு நிற்பவன் நான்தான். நானும் திரும்பிக்கொள்கிறேன். இப்போது அந்தக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான். குட்டி குந்திவிட்டது, உங்களைத்தான் நிமிர்ந்து பார்க்கிறது.

விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.