துரை காசிக்குப் போன கதை

ஆசையை அடக்கியவர்களின் வரலாறுதான் மனித குலத்தின் வரலாறு. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், தாமான் எனப்படும் வீட்டுக் குடியிருப்பு ஒன்றின் சங்கத் தலைவர் தம்பிமுத்து, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு இதை அறிவித்தார். அடங்கவேண்டிய ஆசை அவருடைய பூனைக்கு உரியது.

புகார் கொடுத்தவர் செயலாளர் ஷர்வின்.

"அண்ணே, புதுக் காரு லா. சாயங்காலம் டயரக் கழுவி வச்சா காலைல மறுபடி மூத்திர நாத்தம். என் மாமியா ஏறவே மாட்டேங்குறாங்க."

"அப்ப பூனைக்கு மாலை போடு மச்சான்," என்றது பின்வரிசை.

கூட்டம் சிரித்தது. தம்பிமுத்து சிரிக்கவில்லை. நில அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புகார் என்றால் அவருக்கு இன்னும் முதுகு நிமிரும். "தலைவன் தன் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். துரைக்கு ஆகவேண்டியதைச் செய்கிறேன்," என்றார். கைதட்டல் வீடுவரை காதில் கேட்டுக்கொண்டே வந்தது. சட்டையைக் கழற்றும்போதுதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது உறைத்தது.

துரை என்பது பூனையின் பெயர். லகாட் பக்கம், இப்போது செம்பனையாகிவிட்ட பழைய ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, காருக்கடியில் ஏறிக்கொண்டு கூடவே வந்த குட்டி அது. தம்பிமுத்துவின் அப்பா அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரத் துரைக்கு வாழ்நாள் முழுக்க சலாம் போட்டவர். மகன் ஒரு துரையை மடியில் போட்டுச் சோறு ஊட்டினார். குடும்பத்துக்கு ஏதோ கொஞ்சம் ஆறுதல்.

வளர்ந்த துரை, தோட்டத்து ஆள்களை வரிசையில் நிறுத்திப் பார்வையிடும் வெள்ளைக்காரரைப்போல, தினமும் மாலையில் பெரட்டுக்குப் புறப்படும். ஒவ்வொரு வரிசையாக நடந்து, ஒவ்வொரு கேட்டிலும் பின்புறத்தைத் திருப்பி வாலைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசியாக மலையடி வரிசையில் இருக்கும் மீனாள் ஆச்சி வீட்டுக்குப் போய் உட்காரும். அங்கே இரும்புக் கம்பிக்குள் சாம்பல் நிறப் பெண்பூனை ஒன்று இருந்தது. துரை அதைப் பார்த்து, வயிற்றுவலி வந்தவனைப்போல முனகும்.

சற்றுப் பொறுத்துத் தம்பிமுத்து வருவார். பூனையைப் பிடிக்கவந்தவர் இஸ்திரி போட்ட கால்சட்டை அணிந்திருப்பார்.

"துரை இங்க வந்துச்சா?"

துரை அவர் காலடியில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் கேட்பார்.

"வந்திருக்குண்ணே. உக்காருங்க, காப்பி கலக்குறேன்."

காப்பி வரும், தேன்குழல் வரும். மீனாளின் செட்டியார் தவறிப்போய்ச் சில வருடம், மகன் சிங்கப்பூரில். பேச்சு எதைப் பற்றியும் இருக்காது. தண்ணீர் விட்டு விட்டு வருவது, ஈப்போ டவுனில் கார் நிறுத்த இடமில்லாதது. சுண்ணாம்பு மலையின் நிழல் கூரையிலிருந்து இறங்கி, செருப்பு அலமாரியைத் தொட்டு, அவர் தேநீர் மேசைமேல் வைத்த கைவரை வந்ததும் மீனாள் எழுந்து விளக்கைப் போடுவார். தம்பிமுத்து பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். மனைவி போன பிறகு அவருடைய நாள் என்பது இந்த அரைமணி நேரமும், இதற்காகக் காத்திருக்கும் மிச்சமும்தான். எல்லாருக்கும் முன்னால் அவர் 'மீனாள் ஆச்சி' என்பார். மனசுக்குள் ஆச்சியை எடுத்துவிடுவார். மீனாளோ எங்கும் எப்போதும் அண்ணே என்றார். காப்பியில் சர்க்கரை குறைவாகப் பட்டது அதனால்தான்.

மிருக வைத்தியர் கௌசிகா துரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விளக்கினார். "பொண்ணு தேடி அலையறது குறையும் அங்கிள். சண்டை, மூத்திரம் பீய்ச்சறது, ராத்திரி கத்தறது எல்லாம் கொஞ்ச வாரத்துல அடங்கிரும். உடம்புல இருக்கற ஹார்மோன் வடியணும்ல. சிலதுக்கு ஆசை போனாலும் பழக்கம் மட்டும் நிக்கும்."

"வெளிய போறது?"

"வீட்டோட கெடக்கும். தின்னும், தூங்கும். சாப்பாட்டக் கொறைங்க, இல்லன்னா குண்டாயிரும்."

"மலையடி வரைக்கும்கூட போகாதா?"

"அதுக்குத்தானே அங்கிள் கொண்டு வந்தீங்க?"

தலைவர் ஆமாம் என்றார்.

நாள் குறித்தாயிற்று. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கவேண்டும். குழுவில் தமிழ் எழுத்து மட்டுமே என்று சட்டம் போட்டவரும் அவரே. காயடித்தல் என்று எழுத விரல் கூசியது. பெண்கள் இருக்கிற குழு. இந்த ஊரில் அதற்கு மலாயில் நாகரிகமாக ஒரு சொல் இருக்கிறது, தமிழர்களும் அதையேதான் சொல்வார்கள். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினார். 'கசி' என்று வந்தது. கசிவதுதான் துரைமேல் உள்ள குற்றச்சாட்டே என்பதால் ஒரு கால் சேர்த்து நீட்டினார்.

'வெள்ளிக்கிழமை காசி. ஒரு வாரம் ஓய்வு. அனைவரின் வாழ்த்தும் வேண்டும். – தலைவர்.'

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் புரிந்துகொண்டு கட்டைவிரலைத் தூக்கினார்கள். வராதவர் ஒருவர்தான். அன்று மீனாளுக்கு உறவினர் வீட்டில் முன்னோர்க்குப் படைப்பு.

மறுநாள் தம்பிமுத்துவின் கேட் தட்டப்பட்டது. அத்தனை வருடத்தில் மீனாள் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சின்னச் செம்பு.

"சொல்லவே இல்லயேண்ணே! காசிக்கா போறீங்க? நான் எத்தன வருசமா போவணும் போவணும்னு கெடக்கேன். அவுக இருந்தப்பவே போயிருக்கணும்." கண் கலங்கியிருந்தது. "கங்கத் தண்ணி ஒரு செம்பு கொண்டாங்க. அவுக படையலுக்கு வைக்கணும்."

திருத்தியிருக்கலாம். திருத்தவேண்டுமானால் அந்தக் கண்களுக்கு முன்னால் அந்தச் சொல்லின் மலாய்ப் பொருளை விளக்கவேண்டும். அதைவிட, அந்தக் கண்கள் இதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"பார்ப்போம் ஆச்சி," என்று செம்பை வாங்கிக்கொண்டார்.

"காசிக்குப் போனா ரொம்பப் பிடிச்சது ஒண்ண விட்டுட்டு வரணும். தெரியும்ல? என்னத்த விடப் போறீங்க?"

"அது... இன்னும் முடிவாகல."

"துரைய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. பாத்துக்கிறேன்."

"இல்ல இல்ல, அதுவும் வருது."

"காசிக்கா?"

"பாகான் செராய்க்கு. மக வீட்டுல."

ஆகவே காரியம் முடிந்ததும், காசிக்குப் போனவர் தாமானில் தென்படக்கூடாது என்பதற்காக, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய துரையோடு பாகான் செராயில் மகள் கௌரி வீட்டுக்குப் போனார். சன்னலுக்கு வெளியே வயல். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஒரு கணம் செம்பைக் கையில் எடுத்தார். மீனாளின் கலங்கிய முகம் நினைவுக்கு வர, கழுவித் துடைத்து வைத்துவிட்டார்.

"என்னப்பா, அந்தச் செம்பவே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் கௌரி.

"ஒண்ணுமில்ல."

"பூனைக்குத்தான காசி? நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க?"

ஊருக்குத் திரும்பியபின் சில வாரங்களில் வைத்தியர் சொன்னதெல்லாம் பலித்தது. துரை கத்துவதில்லை, சண்டைக்குப் போவதில்லை. சன்னல் திண்டில் செம்புக்குப் பக்கத்தில் படுத்து, மாவு பிசைந்து வைத்தாற்போல நாளுக்கு நாள் அகலமானது. ஷர்வின் குழுவில் எழுதினார்: 'தலைவருக்கு நன்றி. காசி போன பிறகு டயர் காஞ்சு கெடக்கு லா.' மீனாள் அதன் கீழே கும்பிட்ட கைகள் படத்தைப் போட்டார்.

மாலையானால் தம்பிமுத்துவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. இஸ்திரி போட்ட கால்சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து வைப்பார்.

"போடா. போய் ஒரு சுத்து சுத்திட்டு வா."

துரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொள்ளும். ஒருநாள் தூக்கிக்கொண்டுபோய் மலையடி வரிசை முனையில் இறக்கிவிட்டார். அது கொட்டாவி விட்டது, திரும்பியது, அவருக்கு முன்னால் நடந்து வீடு போய்ச் சேர்ந்தது. மீனாள் வீட்டில் விளக்கு எரிவது முனையிலிருந்தே தெரிந்தது. மேசைமேல் ஒரு கோப்பைதான் இருந்தது.

மீனாள் செம்பைக் கேட்டு ஆள் அனுப்பவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது தம்பிமுத்துவுக்கு. பூனை இல்லாமல் போக முகமில்லை, தண்ணீர் இல்லாமல் போக வாயில்லை.

கடைசியில் ஒரு மாலை முடிவெடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. கண்ணாடி முன் நின்று, ஆண்டுக் கூட்டத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார். மொத்தம் இரண்டே வாக்கியம். 'காசிக்குப் போனது நான் இல்ல மீனாள், துரைதான்.' அடுத்து, 'பூனை வராட்டியும் நான் வரலாமா?' முதலாவது சுலபமாக வந்தது. இரண்டாவதைச் சொல்லும்போது கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. சாட்சிக்குத் துரையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார், காலிச் செம்பை மறுகையில் பிடித்தார், நடந்தார். வழியெல்லாம் உதடு அசைந்தது.

மலை நிழல் செருப்பு அலமாரியைத் தொட்டிருந்தது. மணிச்சத்தம் கேட்டு மீனாள் வந்தார். தலையில் பூ இல்லை, முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வாங்கண்ணே. எத்தன நாளாச்சு! வரவே மாட்டீங்களோன்னு நெனச்சேன்." கேட்டை அகலத் திறந்தார். "காசில என்னத்த விட்டுட்டு வந்தீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

தம்பிமுத்து வாயைத் திறந்தார்.

"துரை இங்க வந்துச்சா?" என்றார்.

துரை அவர் கக்கத்தில் இருந்தது.