கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி

எங்கள் கன்டெய்னர் ரயிலின் எஞ்சின் பூவரசம்பட்டியைக் கடந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசிப் பெட்டியில் கார்டாக இருக்கும் நான் இன்னும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை. அட்டவணைப்படி இருவரும் சரியான நேரத்தில்தான் இருக்கிறோம்.

பூவரசம்பட்டி என் ஊர். எஞ்சின் கடந்த அன்றுதான் என் மகள் பவழம் பிறந்தாள். அவளை நான் பார்த்ததேயில்லை.

சரக்குப் பாதையை மேம்படுத்த அரசும் ஒரு கம்பெனியும் கூட்டாக முதலீடு செய்திருக்கின்றன. ரயிலை வேகமாக்குவதைவிட நீளமாக்குவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் எனக்கு முன்னால் இரண்டு பெட்டி கோப்பார்கள். தண்டவாளம் அரசாங்கத்துடையது, மேலே ஓடுவது கம்பெனியுடையது. நான் இருவருக்கும் பொது. அதனால் ஒருத்தனும் எனக்கு டீ வாங்கித் தருவதில்லை.

பூவரசம்பட்டி ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் வாக்கி டாக்கியில் பவழத்தைப் பேச விடுவார்.

"அப்பா, உங்கள எப்படிக் கண்டுபிடிக்க?"

"கடைசிப் பெட்டி முதுகுல மஞ்சக் கலர்ல பெரிய பெருக்கல் குறி இருக்கும் தாயி. அதுலதான் நிப்பேன்."

"சரி. வேற யாரு கூப்பிட்டாலும் போவ மாட்டேன்."

"சமத்து."

இப்படியிருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை முதலீட்டாளர்கள் வந்தார்கள். எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கம்பெனி அதிகாரி அரவிந்தலோசனன் என் பெட்டியின் முதுகைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன இது, பரீட்சைப் பேப்பர்ல தப்பு போட்ட மாதிரி? பூஜை நாள்ல அபசகுனமா."

"சார், அதான் ரயிலோட முடிவு."

"ஒப்பந்தத்துல முடிவுன்னு எதுவும் இல்லையே."

அரசாங்க எஞ்சினியர் புரட்டிப் பார்த்தார். இல்லைதான். குறியை அழித்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். முடிவு போய்விட்டதால் எனக்குப் பின்னாலும் முந்நூறு பெட்டி கோத்தார்கள். நான் நடுவில் இருப்பதற்கு ஒரு படிவம் நிரப்பினேன். 'இருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தது. 'பகுதியளவில்' என்று எழுதினேன்.

ரயில் நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மத்தியானம் பூவரசம்பட்டி வந்தது.

பவழம் பிளாட்பாரத்தில் பள்ளிக்கூட யூனிபார்மில் நின்றாள். அவள் அம்மாவின் மூக்கு. இறங்கியிருக்கலாம். ஆனால் கம்பெனிப் பெட்டியிலிருந்து அரசாங்கப் பிளாட்பாரத்தில் கால் வைக்க இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

"பவழம்! நாந்தான் தாயி, அப்பா!"

மரியாதையாகப் பார்த்தாள். "அப்பா கடைசிப் பெட்டியில வாராக, மாமா."

பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் நெஞ்சில் குறுக்காகப் பிடித்துக் காட்டினேன்.

"மஞ்சக் கலர் இல்லையே," என்றாள்.

"தேவசகாயம், நீராவது சொல்லும்யா!"

"குறியைப் பாக்காம நான் எப்படிச் சொல்ல, அண்ணாச்சி? ரூல் இடம் கொடுக்காதுல்லா." பச்சைக் கொடி காட்டினார். பதிலுக்குக் காட்டாவிட்டால் வேலை போய்விடும். நானும் காட்டினேன். பாழாய்ப்போன கை.

பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டியது. திரும்பிப் பார்த்தேன். பவழம் பின்னால் வரும் பெட்டிகளை ஒவ்வொன்றாக முதுகு பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் இந்நேரம் இன்னும் இரண்டைக் கோத்திருப்பார்கள். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சமத்துப் பிள்ளை. சொன்ன சொல் மாறவில்லை.